சோப்புடப்பா சாரின் முதுகு

அரியலூர்த் தூசி இந்த உலகத்தில் தோற்றுப்போனது ஒரே ஒரு மனிதரிடம்தான். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில் பத்து நிமிஷம் நின்றால் கறுப்புத் தலை வெள்ளையாகிவிடும். வேப்பமரம்கூட முகத்துக்குப் பவுடர் போட்டதுபோல நிற்கும். அதே சாலை ஓரத்தில், லாரி எடைமேடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு, அப்போதுதான் குளித்து வந்தவரைப்போல ஒருவர் வெளியே வருவார். அவர்தான் சோப்புடப்பா சார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம். மற்றவர்கள் சட்டைப் பையில் போன் வைத்திருப்பார்கள். அவர் சோப்பு டப்பா வைத்திருப்பார். அப்புறம் வேறு பெயர் எப்படி நிற்கும்?

ஆபீஸ் மாற்றலில் நான் அரியலூருக்குப் போனபோது, பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்து குடும்பம் கும்பகோணத்திலேயே இருந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ராவுத்தர் நடத்திய மேன்ஷனில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. மேன்ஷன் என்பது போர்டில்தான். ஒரு நீளமான மாடி, வரிசையாக அறைகள், கடைசியில் பொதுக் குளியலறை, எந்நேரமும் ஈரத் துண்டு தொங்கும் கொடி. குடும்பத்தை எங்கோ விட்டுவிட்டு வந்த ஆண்கள் அங்கே இரவில் போனில் மட்டும் சிரிப்பார்கள். போனை வைத்ததும் மாடி முழுக்க மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

கடைசி அறையில் சோப்புடப்பா சார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் குடும்பம் உடையார்பாளையத்தில் இருப்பதாகக் கேள்வி. போனில்கூட அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை.

நான் பெட்டியை இறக்கிவைத்த அன்றைக்கே வந்து கதவருகே நின்றார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். நாலடி தூரம்.

"சார், துண்டு எத்தனை கொண்டாந்திருக்கீங்க?"

"ரெண்டு."

"மூஞ்சிக்கு ஒண்ணு, ஒடம்புக்கு ஒண்ணா?"

"ரெண்டும் எல்லாத்துக்கும்தான் சார்."

வீட்டில் துக்கம் நடந்ததைக் கேள்விப்பட்டவர்போல என்னைப் பார்த்தார். "இந்த ஊரு தண்ணி உப்பு. சோப்ப நல்லா அலசலைன்னா தோலு வெடிச்சிரும். குளிச்சதும் ஈரத்தோட துளி தேங்கா எண்ணெ தடவிக்கங்க. ரொம்பச் சுடுதண்ணி ஊத்தாதீங்க. எந் துண்ட மட்டும் தொட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வாங்க, எந்த ஊரு, சாப்பிட்டீங்களா என்ற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது.

அவருடைய வாளிக்குச் சங்கிலி உண்டு, சங்கிலிக்குப் பூட்டு உண்டு. விடியும் முன்பே, யாரும் எழுந்திருக்காத நேரத்தில் குளித்துவிடுவார். வெயிலில் குடையில்லாமல் தெருவில் இறங்க மாட்டார். முடி வெட்டப் போனால் துண்டு, சீப்பு, புது பிளேடு எல்லாம் கையோடு போகும். சலூன்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்: "எல்லாத்தையும் நீங்களே கொண்டாந்துட்டீங்க. என் கையையும் வாங்கிட்டுப் போயிட்டீங்கன்னா வூட்லயே வெட்டிக்கலாமே சார்?"

"அதுக்குத்தான் மொதல்ல கைய கழுவுங்கங்கறேன்" என்றார் இவர்.

ஒரு தடவை இருவரும் பெரம்பலூர் பஸ்ஸில் போனோம். முன் சீட்டில் ஓர் ஆள் கன்னத்துப் பருவை மும்முரமாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். சார் குடைக் கம்பியால் சீட்டைத் தட்டினார்.

"கைய எடுங்க."

"எம் மூஞ்சிங்க!"

"உங்க மூஞ்சிதான். அந்த வெரலு காலையிலேருந்து எங்கெங்க போயிட்டு வந்துச்சுன்னு அந்தப் பருவுக்குத் தெரியுமா? கிள்ளுனா குழி விழும், ஆமா. அப்பறம் ஆயுசுக்கும் அதப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

கண்டக்டர் சமாதானத்துக்கு வந்தார். வந்தவருடைய நகத்தைப் பார்த்து சார் ஒரு வார்த்தை சொன்னார். அவர் அதோடு விசிலைக்கூட யோசித்துத்தான் வாயில் வைத்தார். பெரம்பலூர் வந்து சேரும்போது பஸ்ஸில் அத்தனை பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல உட்கார்ந்திருந்தோம்.

கொரோனா வந்து ஊரே கை கழுவியபோது அவர் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. கொஞ்சம் வாடிப்போனார் என்றுதான் ராவுத்தர் சொல்வார். எல்லோரும் எல்லோரையும் விட்டு விலகி நின்ற காலத்தில், அவர் விலகி நிற்பது யார் கண்ணிலும் படவில்லையாம்.

எனக்குப் பக்கத்து அறை பழனிவேலு. ஆண்டிமடத்துக்காரர், லாரி யார்டில் சூப்பர்வைசர். வாய் ஓயாத மனிதர். ஒரு சமயம் ஊரிலிருந்து ஒரு பை பச்சை முந்திரிக்கொட்டை கொண்டுவந்தார். சுட்டுத்தான் உடைக்க வேண்டும் என்று அவர் வாயெடுப்பதற்குள், கும்பகோணத்தான் நான் ஒன்றைப் பல்லால் கடித்துவிட்டேன். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் உதட்டில் பட்டதும் நெருப்பு. நான் போட்ட சத்தத்தில் கடைசி அறைக் கதவு திறந்தது.

"தேய்க்காதீங்க! தேய்க்காதீங்கங்கறேன்! குனிங்க!"

தன் பூட்டைத் திறந்து, தன் வாளியை எடுத்து, எட்ட நின்றபடியே சொம்பை உயரத் தூக்கி என் வாயில் தண்ணீர் ஊற்றினார், கோயில் அபிஷேகம்போல. சோப்பைக்கூட என் கையில் தூக்கித்தான் போட்டார். நான் நுரையும் கண்ணீருமாக நின்றேன். இரண்டு நாள் என் உதடு எனக்கு முன்னால் நடந்தது. "கும்பகோணம் வெத்தல வாயில முந்திரிய வெச்சா அப்படித்தான்" என்று பழனிவேலு மாடி முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சார் மட்டும் காலையும் மாலையும் நாலடி தூரத்திலிருந்து உதட்டைப் பார்த்து, "வத்திருச்சு" என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

அந்த மழைக்காலத்தில் பழனிவேலு காய்ச்சலில் விழுந்தார். வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று பிடிவாதம். மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது, பயந்துவிடுவாள் என்றார். நான் ஆபீஸ் ஆய்வில் மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் திரும்பிவந்து எட்டிப் பார்த்தால் எனக்கு நம்ப முடியவில்லை. கட்டிலில் பழனிவேலு, பக்கத்தில் சோப்புடப்பா சார். பழனிவேலுவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஈரத் துணியால் கழுத்தையும் மார்பையும் ஒத்தி எடுத்துக்கொண்டிருந்தார். தொட்டால் தீட்டு என்பதுபோல வாழ்ந்த மனிதர்! என்னைப் பார்த்ததும், "வேர்வைய அப்படியே வுட்டா வேர்க்குரு வந்துரும்" என்று சுகாதாரச் சட்டப்படி ஒரு காரணம் சொன்னார். காய்ச்சல் விட்டுப்போகும் வரைக்கும் எடைமேடைக்கு லீவு போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். விட்ட மறுநாள் பழைய நாலடி தூரத்துக்குப் போய்விட்டார்.

சில வாரம் கழித்து மேன்ஷன் சொறிய ஆரம்பித்தது.

முதலில் பழனிவேலு. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு. அப்புறம் அவரோடு புதிதாக அறையைப் பங்கிட்டுக்கொண்டவர். பிறகு நான். இரவானால் மாடி முழுக்க வறக் வறக் என்று ஒரே சத்தம். ராவுத்தரும் வாடகைக்கு இருப்பவர்களைப் போலவே கையைச் சொறிந்துகொண்டு, "யா அல்லா, இது என்ன முசீபத்து!" என்று புலம்பினார். சாருடைய அறை மட்டும் அமைதி. "அவரு தோலுல அதெல்லாம் ஏறாதுங்க, வழுக்கி வுட்ரும்" என்றார் பழனிவேலு. அப்படிச் சொன்னவரே ஒருநாள் ஓடிவந்தார். "சார், ஒரு சேதி. எடைமேட வேப்பமரத்துல நம்ம ஆளு முதுக ஒரசிக்கிட்டு நிக்கிறாரு. எருமை மாதிரி! எங் கண்ணால பாத்தேன்."

எல்லோருமாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ராவுத்தர் சாரையும் விடாமல் இழுத்துவந்தார். டாக்டரம்மா எங்கள் விரல்களைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: "சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள்ள போற நோய்."

சார் முகம் செத்துவிட்டது. "எனக்கு எப்படிங்கம்மா? நான் தெனம் ரெண்டு வேளை சோப்புப் போட்டுக் குளிக்கிறவன். யார் துண்டையும் தொடறதில்ல."

"அழுக்கா இருந்தாத்தான் வரும்னு இல்லீங்க. ஒருத்தரோட ஒருத்தர் ஒட்டி இருந்தா வரும். நோயாளி யாரையாச்சும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டீங்களா?"

சார் மணிக்கட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். பழனிவேலு தரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா மருந்து எழுதினார். அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, மாடியில் இருக்கும் எல்லோரும் ஒரே சாயங்காலம் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை தடவ வேண்டும். காலையில் குளிக்க வேண்டும். துணி, போர்வை எல்லாம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். அடுத்த வாரம் இன்னொரு தடவை. "ஒருத்தர் வுட்டாலும் திரும்ப எல்லாருக்கும் வந்துரும். முதுகுல கை எட்டாது, ஒருத்தருக்கொருத்தர் தடவி வுடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் மேன்ஷன் தாழ்வாரம் கல்யாண வீடுபோல இருந்தது. கீழே ராவுத்தர் பிரியாணி அண்டாவில் போர்வை வேகவைத்தார். மேலே லுங்கியோடு ஆண்கள் ஜோடி ஜோடியாக நின்று முதுகு காட்டினார்கள். பழனிவேலு என் முதுகில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல அடித்தார். கடைசி அறைக் கதவு மட்டும் திறக்கவில்லை.

"சாரு வரலைன்னா அம்புட்டும் வீண்" என்றார் ராவுத்தர். நான் போய்த் தட்டினேன்.

"நான் அறையக் காலி பண்ணிக்கிறேன் சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னிக்கே போயிர்றேன். உங்களுக்கெல்லாம் தொந்தரவு வேணாம்."

"மருந்து தடவுறதுக்கு ஏன் சார் ஊரக் காலி பண்றீங்க? கதவத் தெறங்க."

நெடுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. கட்டிலில் பாதி கட்டிய பெட்டி. அவர் கையில் ஒட்டடைக் கம்பு. அதன் நுனியில் பஞ்சைக் கட்டி மருந்தில் தோய்த்திருந்தார். அதைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டு முதுகைத் தேடியதில் மருந்தெல்லாம் சுவரில் இருந்தது. சட்டை இல்லாமல் அவரை அப்போதுதான் பார்த்தேன். முதுகு முழுக்க, தோளிலிருந்து இடுப்பு வரை, வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"ஒட்டாது சார்" என்றார் அவசரமாக. "வெண்புள்ளி. சத்தியமா ஒட்டாது, எத்தனையோ டாக்டருங்க சொல்லிட்டாங்க. வெயிலு பட்டா எரியும், அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியும் சார்."

"எங்க வூட்ல தெரியலையே." கட்டிலில் உட்கார்ந்தார். "ஜெயங்கொண்டத்துல பொண்ணு பேசி முடிச்சாங்க. பொண்ணோட மாமன் நான் வயக்காட்டு மோட்டார்ல குளிக்கிறப்ப பாத்துட்டாரு. சாப்புடாமயே கெளம்பிட்டாங்க. அப்பறம் அண்ணி எனக்குன்னு தனிச் சோப்பு, தனித் துண்டு, தனி வாளி வெச்சாங்க. கோவமெல்லாம் இல்ல சார், புள்ளைங்க இருக்குற வூடு, பயந்திருப்பாங்க. நான்தான் யோசிச்சேன். மத்தவங்க ஒதுக்குறதுக்கு முந்தி நாமளே ஒதுங்கிக்கிட்டா மரியாதையா இருக்கும்ல?"

ஒட்டடைக் கம்பை வாங்கி மூலையில் வைத்தேன். மருந்தைக் கையில் ஊற்றிக்கொண்டு, "திரும்புங்க" என்றேன்.

கை பட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது. "குளுருதா சார்?" தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையை எடுத்தேன். அழவில்லை. கூச்சம்! விலாப் பக்கம் கை போனதும் அந்த மனிதர் நெளிந்து, வளைந்து, கிக்கிக்கி என்று சிரிக்கத் தொடங்கிவிட்டார். நிறுத்த முடியவில்லை. "வேணாம் சார்... அய்யோ வேணாம்... அங்க வேணாம்..." தாழ்வாரத்தில் அத்தனை சத்தமும் நின்றது. அந்த அறையிலிருந்து சிரிப்பு என்றால்!

பழனிவேலு கதவருகே வந்து நின்றார். முதுகைப் பார்த்தார். சாருடைய சிரிப்பு பட்டென்று அறுந்தது. கை சட்டையைத் தேடியது.

பழனிவேலு உள்ளே வந்து என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டார். "என்ன சார் தடவுறீங்க, இடுப்புப் பக்கம் பூரா வுட்டுப்போச்சு" என்று என்னைத் திட்டிவிட்டு, சாரைப் பார்த்து, "நீங்க பெட்டியப் பிரிங்கண்ணே மொதல்ல" என்றார். முதன்முதலாக அண்ணே என்றார்.

அடுத்த வாரம் இரண்டாவது தடவை. நான் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். சார் நின்றிருந்தார், நாலடி தூரத்தில் இல்லை, வாசற்படியிலேயே. சட்டை இல்லை. மருந்து பாட்டிலை நீட்டினார். "நீங்களே தடவி வுட்ருங்க சார். அந்த ஆளு ரொம்பக் கிச்சுக்கிச்சு மூட்டுறாரு."

பிறகு எனக்கு மாற்றல் வந்து கும்பகோணம் திரும்பிவிட்டேன். பழனிவேலுவும் பிள்ளை பிறந்ததும் ஊர்ப் பக்கமே வேலை தேடிக்கொண்டார். சார் அங்கேயேதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். மாடியில் இப்போது புது ஆட்கள் என்றும், யார் பேரும் தெரியவில்லை என்றும் சொல்வார். பின்னால் அதே மின்விசிறிச் சத்தம் கேட்கும்.

போன வாரம் பேசியபோது குரலில் ஏதோ குறுகுறுப்பு. திருமழபாடிக்குப் போனாராம். கொள்ளிடத்தில் நல்ல கூட்டமாம். கரையில் நின்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஆற்றில் இறங்கினாராம், பட்டப்பகலில், அத்தனை ஜனத்துக்கு நடுவில்.

"யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா சார்?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"ஒரு பய திரும்பிப் பாக்கல சார்" என்றார். "அவனவன் அவனவன் புள்ளையக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கான். முப்பது வருஷமா இதுக்கா பயந்தேன்?" பிறகு, "உள்ளதச் சொல்றேன், லேசா வருத்தமாக்கூட இருந்துச்சு" என்றார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே சார்."

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. வர்றதுன்னா வாங்க" என்றார்.

போகத்தான் போகிறேன். கும்பகோணத்தில் காவிரி ஓடுகிறது, குளமும் இருக்கிறது. என்றாலும் அந்த மனிதர் பக்கத்தில் நின்று ஒரு முழுக்குப் போட வேண்டும்போல இருக்கிறது.