பெருக்கல் அண்ணனின் 142857

ஓர் எண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள முடியுமென்றால், எங்கள் பெருக்கல் அண்ணன் 142857-க்குத் தாலி கட்டியிருப்பார். மலேசியாவில், கேமரன் மலைத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டியவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். லோரியில் கொழுந்து ஏற்றும்வரை கைப்பேசியில் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தபோது அந்த எண் சிக்கியது என்பார்.

"கிராணி, இத ரெண்டால பெருக்குங்க" என்று, எஸ்டேட் குமாஸ்தாவான என் ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டுவார். பெருக்கினால் 285714. அதே இலக்கங்கள், அதே வரிசை. தொடங்கும் இடம் மட்டும் வேறு. மூன்றால் பெருக்கினால் 428571. ஆறுவரை இப்படியே சுற்றிச் சுற்றி வரும். "ஏழால பெருக்குனா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். 999999! அவருக்கு உடம்பு சிலிர்க்கும். எனக்கு டீ ஆறிப்போகும்.

எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளிலோ யார் வாயிலிருந்து எண் வந்தாலும் அது லாட்டரி நம்பர்தான். கனவில் பாம்பு வந்தாலும், ரோட்டில் கார் மோதினாலும், உடனே லாட்டரிக் கடைக்கு ஓடி நாலு இலக்கம் எழுதுகிற ஜனம். அண்ணன் வீட்டு வாசலில் வெற்றிலையும் வாழைப்பழமும் குவிந்தன.

"முத நாலாண்ணே, கடைசி நாலா?"

"ஆறும் சேந்தாத்தான்யா அழகு!"

"கடையில நாலுதான் லா எடுப்பான். ஒழுங்கா சொல்லுங்க லா!"

தலையில் அடித்துக்கொள்வார். பழத்தை மட்டும் திருப்பித் தரமாட்டார்.

ஒரு சனிக்கிழமை மழையில், கொழுந்து நிறுப்பதைப் பார்க்க மேட்டுக்குப் போன நான் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டேன். அண்ணன் என்னை லோரியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பறந்தது கியா பார்ம் சந்தை வரைதான். ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. எனக்குக் கண் சொருகத் தொடங்கியது.

"தூங்காதீங்க கிராணி! தூங்குனா போச்சு! நம்பர் சொல்றேன், கேளுங்க!"

நம்பர் என்றதும் விழித்துக்கொண்டேன். நானும் லைன் வீட்டுப் பிறவிதானே! இன்றைக்காவது அந்த நாலு இலக்கத்தைச் சொல்லிவிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

ஹாரனை அழுத்தியபடியே ஒப்பித்தார். ரெண்டால் பெருக்கினார், மூன்றால் பெருக்கினார், நாலால் பெருக்கினார். ஐந்துக்கு வந்ததும், "ஏழு, ஒன்னு, நாலு... எட்டு..." என்றார்.

"நாலுக்கு அப்புறம் ரெண்டுண்ணே" என்று முனகினேன்.

திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் கண்ணீர். மறுபடி ஆரம்பித்தார், மறுபடியும் தப்பு. பிரிஞ்சாங் டவுனைத் தாண்டும்வரை அவர் தப்புத் தப்பாகச் சொல்ல, நான் திருத்திக்கொண்டே வந்தேன். கண்ணை மூட எனக்கு நேரமே கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உயிரோடு இறங்கினேன்.

இன்று இதை எழுத நான் இருக்கிறேன் என்றால் அது அவரால்தான். அந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் ஒப்பிக்கிற மனுஷன், அன்று எனக்காகப் பயந்து அந்த எண்ணையே மறந்துபோனார்.