தப்பு சார் கோட்டைவிட்ட திதி

கடவுள் படைத்த உலகத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் தப்பு சாரை விட்டால் வேறு ஆள் கிடையாது. கடவுள்தான் பாவம், பாதியிலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பார்.

கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் நான் புரோகிராம் எழுதினேன். தப்பு சார் அதில் பிழை பிடிக்கிற டெஸ்டர். கரமனை அக்ரஹாரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வந்த ஜாதகத்திலெல்லாம் பிழை கண்டுபிடித்ததால் கல்யாணம் ஆகவில்லை.

தப்புகளை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார். கை தவறினால் கைத்தப்பு. எதிரே இருந்தும் காணாவிட்டால் கண்தப்பு. ‘இப்படித்தான் இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டு பார்க்காமலே விடுவது மனத்தப்பு. மூன்றாவதற்கு மன்னிப்பே கிடையாது. மேனேஜர் நீட்டிய கல்யாணப் பத்திரிகையையே, கிழமை தப்பென்று சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தவர். ஒருநாள் கேண்டீனில் சாம்பாரில் உப்பில்லை.

“சாருக்கு பிரஷர் உண்டல்லோ, அதான் குறச்சேன்” என்றார் சமையல்காரர்.

“எனக்குப் பிரஷர்னு யார் சொன்னா? நீங்களா நினைச்சுண்டதுதானே? மனத்தப்பு!”

திவச நாளை நினைவூட்டும் செயலி ஒன்றைச் செய்தோம். நாள் கணக்கிடும் பகுதி என் தலையில் விழுந்தது. நான் பாறசாலைக் கிறிஸ்தவன். எங்களுக்குக் கல்லறையில் பூவும் ஜெபமும்தான். பக்கத்து மலையாளி வீட்டில் இறந்த நாளின் நட்சத்திரம் பார்த்துத்தான் திவசம் செய்வார்கள். எல்லாருக்கும் அப்படித்தான் என்று எழுதிவிட்டேன். கரமனைத் தமிழர்கள் திதி பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தப்பு சாருக்குத் தெரியும். இது யாருக்குத்தான் தெரியாது என்று அதை மட்டும் அவர் சோதிக்காமல் விட்டார்.

அவர் அம்மா இறந்து பல வருஷம். எப்போதும் பஞ்சாங்கம் பார்ப்பவர், அந்த வருஷம், தாம் சோதித்ததுதானே என்று செயலியை நம்பினார். அது சொன்ன நாளில் லீவு போட்டு, குளித்து, மடியாகக் காத்திருந்தார். திவசம் செய்துவைக்க வந்த வாத்தியார் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

“என்ன ஓய், திதி முந்தாநாளே போயிடுத்தே!”

மறுநாள் ஆபீசில் அவரே மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னார். அந்த வாரம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டும்; வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். “நீதானல்லோ இது எழுதியது?”

“அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பாக்காம விட்டது நானாக்கும்” என்றார் தப்பு சார். “மனத்தப்பு. என் பேரை எழுதிக்கோங்கோ.”

எழுதிக்கொண்டார்கள். அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது. மேனேஜர் முன் அன்று நான் வாயே திறக்கவில்லை. அது எந்த வகைத் தப்பு என்று அவரிடம் கேட்க இன்றுவரை தைரியம் வரவில்லை.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் போன் செய்வேன்.

“சார், நாளைக்கு அம்மா திதி.”

“பஞ்சாங்கம் பாத்துதானேடா சொல்றே?”

“ரெண்டு பஞ்சாங்கம் பாத்தேன் சார்.”

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் திதி பார்க்கிற வழக்கம் இல்லை. அவர் அம்மாவுக்கு மட்டும் நான் பார்க்கிறேன்.