சந்தனம் பூசிய மடிக்கணினி

காலை பத்து இருபது. வரிசையில் நாற்பத்தொரு விலங்குகள். முதலில் நின்றது செங்கமலம் என்ற முயல்.

ஒரு காட்டில் வளைப் பதிவு அலுவலகம் ஒன்று நடந்துவந்தது. வளையில் குடியிருப்பவர்கள் அக்டோபர் 15 மாலைக்குள் பதிய வேண்டும். பதியாத வளை கேட்பாரற்றது. அன்று தேதி 15. செங்கமலத்தின் வளையில் பிறந்து ஆறு நாளான நான்கு குட்டிகள் கிடந்தன. அதே வளையைக் கேட்டு ஒரு பெருச்சாளி மனுப் போட்டிருந்தது.

அலுவலகத்தில் இருந்தது ஒரே மடிக்கணினி. வயது ஒன்பது. பதினோரு நிமிடம் ஓடும். பிறகு தோசைக்கல்லாகக் காய்ந்து அணைந்துவிடும். வளைப் படிவத்தை நிரப்பப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

மூன்றாவது முறை அணைந்ததும் தலைமை எழுத்தர் கரடி வைத்திலிங்கம் நாற்காலியில் சாய்ந்தார்.

"கையாலயே எழுதிக் கொடுத்துடுங்களேன் ஐயா. பிள்ளைங்க இன்னும் கண்ணே திறக்கல" என்றது முயல்.

"கையால எழுதினது இந்தக் காட்டுல செல்லாதும்மா."

"அப்ப புதுசு வாங்கலாமே?"

"புதுசு கேட்டா இது செத்துப்போச்சுன்னு எழுதணும். பதினோரு நிமிஷம் ஓடுதே! ரிப்பேருக்கு அனுப்பினா உயிரோட இருக்குன்னு எழுதணும். அணைஞ்சு அணைஞ்சு போகுதே! நான் பொய் எழுதுறதில்ல."

இரண்டாவதாக நின்ற அணில் கோட்டைச்சாமிக்கு இந்த மாதிரிச் சாதனங்களைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. அது கணினியின் பக்கவாட்டுத் துளைகளில் மூக்கை வைத்து மோந்தது.

"ஃபேன் நல்லா சுத்துதுண்ணே. காத்து வெளிய வரத்தான் வழியில்ல. ஒன்பது ஆயுத பூஜைக்கும் ஓட்டை மேலயே சந்தனம் குங்குமம் வெச்சிருக்கீங்க. உள்ள போய்க் காரை மாதிரி காஞ்சு கிடக்கு. என் வாலால தட்டிவிட்டா பத்து நிமிஷ வேலை. காசுகூட வேணாம்."

வரிசை சிரித்தது. அதுதான் காரியத்தைக் கெடுத்தது.

"சந்தனம் வெச்சது யாருன்னு தெரியுமாடா?"

"தெரியாதுண்ணே."

"நான்."

அணில் வாலைச் சுருட்டிக்கொண்டு வரிசைக்குத் திரும்பியது.

ஒரு மணிக்குக் கரடி சாப்பிடப் போனார். முயல் அணிலின் முகத்தைப் பார்த்தது. அணில் ஜன்னல் வழியே உள்ளே குதித்தது. தட்டத் தட்ட ஒரு கைப்பிடி மஞ்சள் நிறச் சந்தனப் பொடி உதிர்ந்தது. பிறகு கணினி ஓடியது. பதினோரு நிமிடம். பன்னிரண்டு. இருபது.

கரடி ஏப்பம் விட்டபடி திரும்பினார்.

"சூடே இல்லீங்கய்யா, தொட்டுப் பாருங்க" என்றது முயல்.

தொட்டுப் பார்த்தார். உண்மைதான். படிவத்தைத் திறந்து நிரப்பினார். குட்டிகளின் எண்ணிக்கை என்ற இடத்துக்கு வந்தபோது அவர் பார்வை பக்கவாட்டில் விழுந்தது.

"பொட்டு எங்க?"

அணிலின் வால் மஞ்சளாக இருந்தது.

"மொட்டையா விட்டா மறுபடி சூடேறாதாடா? சூட்டுக்குச் சந்தனம்தான்டா குளிர்ச்சி!"

"ஐயா, இன்னும் நாலு வரிதான். முடிச்சிட்டுப் பூசுங்கய்யா" என்று கெஞ்சியது முயல்.

கரடி இழுப்பறையிலிருந்து சந்தன வில்லையை எடுத்தார். தண்ணீர் விட்டுக் குழைத்தார். ஓடிக்கொண்டிருந்த கணினியின் துளைகளில் இந்த முறை தாராளமாகவே பூசினார். 'டப்' என்றது. வாசனையாகப் புகை வந்தது.

"அந்நியர் வால் பட்டதால் இறந்தது" என்று குறிப்பேட்டில் எழுதினார். பொய் எழுதுவதில்லை என்றவர், புதியது கேட்க வழி பிறந்த மகிழ்ச்சியில் இரண்டு முறை கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் 16 அன்று செங்கமலத்தின் வளை கேட்பாரற்றது என அறிவிக்கப்பட்டுப் பெருச்சாளிக்கு வழங்கப்பட்டது. உத்தரவு கையால் எழுதப்பட்டிருந்தது.

நீதி: பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் முன், அதைப் பூசியவர் யார் என்று கண்டுபிடி.