நிறுத்தியும் நிற்காத இன்ஜின்

அது சனிக்கிழமையா ஞாயிறா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மருந்துக்கடைக்காரர் ஒன்று சொல்வார், அவர் மனைவி வேறொன்று சொல்வார். மழை பெய்தது மட்டும் நிச்சயம்.

காலையில் மருந்துக்கடைக்காரர் தன் காரின் முன்மூடியைத் திறந்து வைப்பர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். சொந்தக் காரில்தான். ஆனாலும் திருடனைப்போல அடிக்கடி தெருவைப் பார்த்துக்கொண்டார்.

மாலையில் மாடல் ரயில் சங்கத்தில் அவருக்குச் சோதனை. தகடு வெட்டி, சக்கரம் கடைந்து, கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு இன்ஜின் செய்திருந்தார். உள்ளே இருக்கும் மோட்டாரையும் சொந்தக் கையால் கம்பி சுற்றித்தான் செய்ய வேண்டும் என்பது சங்கத்தின் விதி. கடை மோட்டாரை வைத்துப் பிடிபட்ட ஒருவரின் இன்ஜினைத் தலைவர் எல்லார் முன்னாலும் தூக்கி வாசலில் வைத்தாராம். அந்த மனிதர் இன்றுவரை அந்தத் தெருப்பக்கம் வருவதில்லை.

மருந்துக்கடைக்காரர் சுற்றிய மோட்டாரோ முந்தின நாள் கருகிப் போயிருந்தது. வீட்டிலும் கடையிலும் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. சங்கத்தில் மட்டும்தான், "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். அதுவும் போய்விடுமோ என்று பயந்தார்.

பித்தளைக் குழாய் ஒன்றைக் கடைந்து சொருகியதும் வைப்பர் மோட்டார் இன்ஜினின் அச்சில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் மேலிருந்த கம்பெனி நம்பரை அரத்தால் ராவி, கறுப்பு பெயின்ட் அடித்தார். மோட்டார் சூடானதும் பெயின்ட் வாடை கிளம்பியது. வாடையை அமுக்க யூகலிப்டஸ் தைலம் தடவினார். இன்ஜினுக்கு ஜலதோஷம் பிடித்தது போலாகிவிட்டது.

அதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருந்தது. வைப்பர், நிறுத்திய இடத்தில் நிற்காது. தன் இடத்துக்குப் போய்ப் படுத்தால்தான் ஓயும். இன்ஜினுக்குள் வந்த பிறகும் மோட்டார் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சுவிட்சை அணைத்தும் ஒரு சாண் ஓடியது. பல்சக்கரத்தை மாற்றிப் போட்டார். ஒரு சாண் ஒரு முழமானது. திருப்பி மாற்ற நேரமில்லை.

மாலையில் மனைவியோடு காரில் சங்கத்துக்குப் போகும்போது பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

"என்னங்க, வைப்பரப் போடுங்க."

"ரிப்பேர்."

"நேத்து ஓடுச்சே."

மனைவி திரும்பிப் பின்சீட்டிலிருந்த இன்ஜினைப் பார்த்தார். அந்தப் பார்வை மழையைவிடப் பயமாக இருந்தது. மருந்துக்கடைக்காரர் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டியபடி ஓட்டினார்.

கூடத்தில் உறுப்பினர்கள் தலையும் ஒரு பக்கத் தோளும் மட்டும் நனைந்து நின்றிருந்தார்கள். அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை. தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை இன்ஜினின் வயிற்றுக்கடியில் நுழைத்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"உங்க கையால சுத்துனதா?"

"ஆமாங்க."

இன்ஜின் ஓடியது. நிற்க வேண்டிய கோடு வந்ததும் சுவிட்சை அணைத்தார். இன்ஜின் கோட்டைத் தாண்டி, சாவகாசமாக ஒரு முழம் போய் நின்றது. கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தன் இன்ஜின் வாசலில் நனைந்துகொண்டிருப்பதை அவர் மனக்கண்ணில் பார்த்துவிட்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நல்லா சுத்துன மோட்டார் அப்படித்தான். தன் எடத்துக்குப் போய்த்தான் நிக்கும்."

எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

பிற்பாடு மருந்துக்கடைக்காரர் சங்கத்தின் செயலாளரானார். பல் டாக்டர் இன்னும் தலைவர்தான். மனைவி மழைக்காலத்தில் பஸ்ஸில்தான் போகிறார். ஆனால் அன்று, யாராவது மனம் மாறுவதற்குள் ஓடிவிட வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் இன்ஜினை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தபோது, காவலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார், மழை விடட்டும். இங்க நிக்கிற கார் ஒண்ணுலகூட வைப்பர் ஓடாது."