மூட மறுத்த டெர்மினலும் ஒரு மாபெரும் வெற்றியும்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் என் மூக்குக்கண்ணாடியும் சுகம். அங்கே நீயும் உன் கம்ப்யூட்டரும் அவ்வாறே இருக்க ஆசிகள். சத்தியமாகச் சொல்கிறேன், இப்போது நான் சொல்லப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்ப வேண்டாம். படித்தால் போதும்.

அத்தையின் தையல்கடைப் பழைய கம்ப்யூட்டரை இன்று மெக்கானிக் எடுத்துப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடுவதாக ஏற்பாடு. பதினெட்டு வருஷத்து வாடிக்கையாளர்களின் தோளும் மார்பும் இடுப்பும் அதற்குள்தான் இருக்கின்றன. எல்லா அளவுகளையும் புது டிஸ்க்கில் நகலெடுக்க நீ அனுப்பிய ஸ்கிரிப்டை, மதியம் சாப்பிட்ட கையோடு ஓட்டினேன். டெர்மினல் என்கிற அந்த ஜன்னல் திரையில் கறுப்பாகத் திறந்தது, எழுத்துகள் கொட்டித் தீர்த்தன, வேலை முடிந்தது. "முடிஞ்சதும் தானா மூடிக்கும் மாமா" என்றாயே, எங்கே மூடியது? கைகழுவிய பிறகும் எழுந்திருக்காத விருந்தாளி மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதட்டினேன், நாலு தெரு தள்ளி ஒரு தண்ணீர்த்தொட்டி விரிசல் விட்டது. என்டரைத் தட்டினேன், தட்டிய தட்டில், யாரோ வந்திருக்கிறார்கள் என்று கீழ்க்கடைக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

கம்ப்யூட்டரை எடுத்துப்போக வந்து காத்திருந்த மெக்கானிக் பொறுமை இழந்தான். "சார், மூலையில பெருக்கல் குறி இருக்கு பாருங்க. அதை அமுக்கினா போயிடும்."

"கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்றது நம்ம குடும்பத்துலயே கிடையாது தம்பி. அதுவா எழுந்து போகணும்."

செட்டிங்ஸுக்குள் இறங்கினேன். 'எப்போதும் மூடு', 'பிழையின்றி முடிந்தால் மட்டும் மூடு', 'மூடவே மூடாதே' என்று மூன்று வழிகள். நடுவில் உள்ளதில் டிக் இருந்தது. இதென்ன வழவழா கொழகொழா! முதல் வழியைப் போட்டு, ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினேன். முடிந்த கணமே டெர்மினல் மாயம்! மெக்கானிக் மேசைக்கடியில் புகுந்து ஒயர்ச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். நான் வெற்றிவீரனாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி கம்ப்யூட்டரில் சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் என்னைக் கேள்.

எல்லாருக்கும், முக்கியமாகப் பிறந்ததிலிருந்தே என்னை நம்பாத உன் அம்மாவுக்கு, என் அன்பு. திறந்ததெல்லாம் உனக்கு ஒழுங்காக மூடட்டும்.

இப்படிக்கு,
டெர்மினல் வென்ற மாமன்

பி.கு.: மை காய்வதற்குள் அத்தை வந்துவிட்டாள். புது டிஸ்க்கைத் திறந்து பார்த்தாள். "ஏங்க, நாடகக் குழு அளவு எங்கங்க? வெள்ளிக்கிழமை இருபத்து மூணு பேர் மேடை ஏறணும்! தம்பி, பிளக்கைத் தொட்டுடாதே!" மறுபடி நடு டிக்கைப் போட்டு ஓட்டினாள். டெர்மினல் மூடாமல் நின்றது. நான் ஒருதரம்கூடப் படிக்காத கடைசி வரியைப் படித்தாள்: 'ஒரு கோப்பு நகலாகவில்லை. அது இன்னும் திறந்திருக்கிறது.'

"யாருங்க திறந்து வெச்சது?"

நான்தான். நாடகத்தில் எனக்குத் தளபதி வேஷம். காலையில் அந்தக் கோப்பைத் திறந்து என் இடுப்பளவை முப்பத்தெட்டு என்று திருத்திவிட்டு மூட மறந்துபோனேன். அத்தை அளவுநாடாவை எடுத்தாள். மெக்கானிக் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். கோப்பைத் திருத்தி, மூடி, ஓட்டினாள். எல்லாம் நகலானது. டெர்மினலும் தானாகவே மூடிக்கொண்டது.

ஆக, மேலே எழுதியதில் ஒரு சின்ன விஷயம் மட்டும் விட்டுப்போயிற்று: உன் ஸ்கிரிப்டில் ஒரு குறையும் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். குறை என் இடுப்பில்தான்: நாற்பத்து நான்கு அங்குலம்.