உஷ்

நாற்காலியில் உட்கார்ந்ததும் காலாட்டத் தொடங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் மேலான இனம் ஒன்று உண்டு: தன் கால் ஆடுவது தெரியாமல், ஊரே ஆடுகிறது என்று திட்டுகிறவர்கள்.

நான் சொல்லவரும் இயற்பியல் பேராசிரியர் இந்த இனம். மாணவர்கள் வைத்த பெயர் 'உஷ்'. கதவைச் சாத்தினால் உஷ், செருப்பு தரையில் உரசினால் உஷ், மாடிப்படியில் யாரோ தும்மினால் அதற்கும் எழுந்துபோய் ஓர் உஷ்.

வேலையும் அப்படிப்பட்டதுதான். கதிரியக்கத் துண்டிலிருந்து கிளம்பும் காமா கதிர், எதிரே இருக்கும் இரும்புத் தகட்டில் விழும். தனக்கு வேண்டிய ஆற்றல் அளவில் மயிரிழை பிசகாமல் வரும் கதிரை மட்டுமே இரும்பின் அணுக்கரு விழுங்கும். மற்றதை ஏறெடுத்தும் பார்க்காது. துண்டு நகர்ந்தால் கதிரின் ஆற்றல் துளி மாறும்; அந்த அளவைப் பிடிக்கத் துண்டை எறும்பு வேகத்தில் முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். சரியான வேகத்தில், தகட்டைத் தாண்டி வரும் கதிரைக் கணக்கிட்டுத் திரையில் ஓடும் கோட்டில் கூரான பள்ளம் விழ வேண்டும். மேசை அதிர்ந்தால் போச்சு. பள்ளம் சப்பையாகிவிடும்.

ஆராய்ச்சி மாணவிக்குச் சப்பையாகவே விழுந்தது. அடுத்த மாதம் உதவித்தொகை நின்றுவிடும். கூரான பள்ளம் இல்லாமல் ஆய்வேடு இல்லை; அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. கருவி ஓடும்வரை அவரோ பக்கத்திலேயே காவல்.

"நீ நடந்தா யானை நடக்கிற மாதிரி இருக்கும்மா," என்றார், மேசைக்காலில் முழங்காலை முட்டி ஆட்டியபடி. அவருடைய தேநீரில் அலை எழுந்தது. மாணவி கோப்பையையே பார்த்தாள். சொல்லலாம். சொல்லிவிட்டு யாரிடம் கையெழுத்து வாங்குவது?

மதியச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவியிடம் வராந்தாவில் மாணவி வார்த்தைகளை மென்று விழுங்கினாள். "அம்மா... சாரோட கால்..."

"தெரியும்டி. வீட்டுக் கட்டில்ல நட்டு முடுக்காத வாரமே இல்ல. நாளைக்கு அவரை அனுப்பல. குழாய் ஒழுகுது, ரிப்பேருக்கு ஆள் வரான்னா போதும். பக்கத்துல நின்னு அவனையும் திட்டணும்ல?"

மறுநாள் அவர் வரவில்லை. மாலைக்குள் பள்ளம் ஊசி குத்தினாற்போல் விழுந்தது.

அதற்கடுத்த நாள் திரையைப் பார்த்து உஷ் நெகிழ்ந்துபோனார். "பாத்தியா? மூணு வருஷமாக் கத்தினேன். ஒரு நாள் ஆடாம இருந்தே, வந்துடுச்சு!"

"ஆமா சார்."

கையெழுத்துப் போட்டார். எழுத்துதான் கொஞ்சம் கோணியிருந்தது. மேசை ஆடியதே, என்ன செய்வது?

சிரிக்கிறீர்கள். உங்கள் நிம்மதியைக் கெடுப்பது யார் யார் என்று உங்களுக்கும் துல்லியமாகத் தெரியும், இல்லையா? சிரித்து முடித்ததும் மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

மாணவிக்குப் பட்டம் வந்துவிட்டது. அவள் இடத்தில் இப்போது வேறொருவன் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறான். யாராவது ஆய்வேடு முடிக்கும் சமயத்தில், பேராசிரியர் வீட்டுக் குழாய் தவறாமல் ஒழுகுகிறது.