பதின்மூன்றாம் மாதத்தில் பிறந்தவன்

அடிஸ் அபாபா,
பாகுமே 4

மதிப்புக்குரிய பெலாய் அண்ணனுக்கு, தங்கை யெஷி வணங்கி எழுதுவது. நான் நலம். ஹவாஸாவில் நீங்களும் அண்ணியும் உங்கள் முழங்காலும் நலமென்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும், காப்பிக்கொட்டை வறுப்பதற்கு முன்பே, கணினியைத் திறந்து நகரத்தில் எத்தனை குழந்தைகள் இன்னும் பிறக்கவில்லை என்று பார்த்தேன். பதினேழு. எல்லாம் ஏற்கனவே பிறந்தவை.

புத்தாண்டுக்கு வருவாயா என்று கேட்டிருந்தீர்கள். இந்த வருடமும் முடியாது அண்ணா. குழந்தையின் பெயர், தாயின் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் மருத்துவ நிலையத்தில் ஒரே வரியாகக் கோத்து நகர அலுவலகத்துக்கு அனுப்புகிறோம். அங்கே அதைப் பிரித்து மறுபடி பெயராகவும் தேதியாகவும் ஆக்குகிறார்கள். கோப்பதும் பிரிப்பதும் நான் கையால் எழுதிய கணினி நிரல். அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், தாயின் தொலைபேசி எண்ணையும் சேருங்கள் என்று யாராவது சொன்னால் போதும், இரண்டு முனையும் உடைந்துவிடும், நான் உட்கார்ந்து ஒட்டவைப்பேன், அதற்குள் உங்கள் வீட்டில் ஆட்டுக்கறி தீர்ந்திருக்கும். போன மாதம் புது மேலாளர் நஹோம் வந்தான். என் நிரலை எட்டிப் பார்த்தான்.

"கடையில சுட்ட இஞ்சரா ரொட்டியே விக்கிறாங்க, நீங்க இன்னும் மாவு புளிக்கட்டும்னு உக்காந்திருக்கீங்களே அக்கா."

உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் லைப்ரரி என்கிற ஒரு தயார் நிரல்தொகுப்பை எடுத்து என்னுடையதன் இடத்தில் வைத்தான். அழகாகத்தான் ஓடியது, பதின்மூன்றாவதாகப் பாகுமே மாதம் பிறக்கும்வரை. நமக்குப் பதின்மூன்று மாதம், லைப்ரரிக்குப் பன்னிரண்டு. பதின்மூன்று என்று எழுதியதைப் பார்த்து அது சண்டை போடவில்லை; அடுத்த வருடத்தின் முதல் மாதமாக இருக்குமென்று தானே மரியாதையாகத் திருத்திக்கொண்டது. நேற்று ரூபாயேல் திருநாள் மழையில் பிறந்து அதே பெயர் வைக்கப்பட்ட ஒரு பையனைப் பதிய, அவன் அப்பா மருத்துவ நிலையத்தின் பதிவு ஜன்னலுக்கு வந்திருக்கிறார். எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னும் பொறக்கலைங்க. அடுத்த வருஷம் வாங்க" என்றாராம்.

"அப்ப உள்ள என் பொண்டாட்டிகிட்ட பால் குடிச்சிட்டிருக்கறது யாரு?"

அதற்கான கட்டம் திரையில் இல்லை.

ஆகவே அலுவலகத்தில் இப்போது நான்தான் பெரிய ஆள். நஹோமே எனக்குக் காப்பி ஊற்றினான், மூன்று சுற்றும். மத்தியானம் கூட்டம், பழைய நிரலையே திரும்பப் போட்டு, என்னை நிரந்தரமாக அதன் காவலுக்கு வைக்கப்போகிறார்கள். லைப்ரரி வேண்டாமென்று நான் சொன்னதுதான் சரியென்று ஆகிவிட்டது. எனவே வருவதற்கில்லை.

அன்னை மரியாள் உங்கள் வீட்டையும் மாடுகளையும் காக்கட்டும். அண்ணிக்கு என் முத்தங்கள்.

தங்கை,
யெஷி

பி.கு.: தேதியைத் தேதி என்று சொல்லாமல் வெறும் எழுத்தாகக் கொடுத்தால் லைப்ரரி கை வைக்காமல் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மூன்று வரி வேலை. காப்பி ஆறுவதற்குள் எழுதி முடித்துப் பதினேழு பேரையும் பிறக்கவைத்துப் பார்த்துவிட்டேன். கூட்டத்தில் அதைக் கொடுத்துவிட்டு, என் நிரலை அழித்துவிடப்போகிறேன். இங்கே ஒருவருக்கும் இன்னும் தெரியாது. நாளைக் காலை ஹவாஸாப் பேருந்தில் எனக்கு ஜன்னலோர இருக்கை.